மேலக்குளத்தின் மம்பட்டிக் கணக்கு

சங்கரன்கோவில் கடைத்தெருவில் மம்பட்டி என்று கேட்டால் இரும்பை எடுத்துக் கொடுப்பார்கள். அங்கிருந்து டவுன் பஸ் ஏறி மேலக்குளத்தில் இறங்கிக் கேட்டால் ஆளைக் கேட்பதாக அர்த்தம். வாய்க்காலைத் தூர்வாரும் நாளில் வீட்டுக்கு ஒரு மம்பட்டி வர வேண்டும். வந்த மம்பட்டிகளைக் கரையில் வரிசையாகப் படுக்கவைத்து, மடை திறந்து முறை வைக்கிற நீர்ப்பாய்ச்சி ஆறுமுகச்சாமி எண்ணுவார். எண்ணிக்கையில் விழுந்த வீட்டுக்குத் தண்ணீர் உண்டு. விழாத வீட்டுக்கு, எல்லாரும் பாய்ச்சி மிச்சம் இருந்தால் உண்டு. மிச்சம் இருந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

முத்துமாரியின் புருஷன் மாரிசெல்வம் சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறான். இந்த வருசம் தூர்வாரும் நாளில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வழக்கமாகக் கூலிக்கு அனுப்பும் ஆளும் கேரளாவுக்குப் போய்விட்டான். வயலில் நாற்று பாவியிருந்தது, தண்ணீர் இல்லாவிட்டால் கருகிவிடும். வேறு ஆள் பார் என்று மாரிசெல்வம் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்; இனி வாரக் கடைசியில்தான் திரும்புவான். முத்துமாரி நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தாள், ஆள் கிடைக்கவில்லை. பிறகு டவுனுக்குப் போய்ப் புது மம்பட்டி வாங்கினாள். கணை, அதுதான் மரக் கைப்பிடி, நீளமாக இருந்தால் ரொம்பக் குனிய வேண்டாம் என்றார் கடைக்காரர். இருந்ததிலேயே நீளமான கணையைப் போட்டுத் தரச் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஆறுமுகச்சாமி எண்ணிக்கொண்டே வந்தார். முத்துமாரியின் மம்பட்டியைத் தாண்டி அடுத்ததற்குப் போனார்.

"மாமா, ஒண்ண விட்டுட்டிய."

"பொம்பளைய எண்ணுத பழக்கம் கிடையாது, ஏட்டி."

"என்னைய ஏன் எண்ணுதிய? மம்பட்டிய எண்ணுங்க. போன வருசம் மூக்காண்டி அத்தான் மம்பட்டியப் படுக்க வச்சிட்டு புரோட்டா திங்கப் போனாரே, அத எண்ணுனியளா?"

"எண்ணுனேன்."

"ஆளில்லாத மம்பட்டி கணக்குல வரும், ஆளு நிக்க மம்பட்டி வராதோ?"

"புரோட்டா இல்ல, சால்னாவுக்குப் போனேன்" என்றான் மூக்காண்டி. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறுமுகச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, பங்கு அளக்கேன். பொழுது சாயதுக்குள்ள முடிச்சா கணக்கு. முடிக்கலன்னா இல்ல."

பங்கு என்பது அவரவர் கணையால் பத்து அளவு. இது முத்துமாரிக்குத் தெரியாது. ஊர் ஆம்பளைகள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கென்றே ஆளுக்கொரு குட்டைக் கணை வைத்திருந்தார்கள். மூக்காண்டியின் மம்பட்டி தோசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முத்துமாரியின் கணையைப் போட்டுப் போட்டு அளந்துகொண்டே போன ஆறுமுகச்சாமி, வாய்க்கால் திரும்புகிற வளைவில் ஆள் மறைந்து, அங்கிருந்து "பத்து" என்று சத்தம் கொடுத்தார்.

வேறு கணை போட்டு அளக்கச் சொன்னால் பொம்பளை பின்வாங்கிவிட்டாள் என்று பேச்சாகிவிடும். அவள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மத்தியானத்துக்குள் மற்றவர்கள் முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாரி, கணைய அறுத்துட்டு வந்திருக்கலாம்லா" என்றான் மூக்காண்டி.

"நீங்க நேத்தே வந்து சொல்லிருக்கலாம்லா அத்தான்."

உள்ளங்கை கொப்புளித்து, கொப்புளமும் உடைந்தது. கிழிசல் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். சூரியன் புளியமரத்துக்குக் கீழே இறங்கும்போது வளைவைத் தாண்டிக் கடைசிச் சேற்றை அள்ளிக் கரையில் போட்டாள். ஆறுமுகச்சாமி வாய்க்காலில் இறங்கி, காலால் தடவித் தடவி அவள் பங்கின் முனைவரை நடந்து பார்த்தார். மேடு எதுவும் தட்டவில்லை.

"கணக்குல ஒரு மம்பட்டி கூடுது" என்றார். "நாளைக்குக் காலையில ஒங்க மடை."

கரையேறியதும் செல்போன் அடித்தது. மாரிசெல்வம். பின்னால் தறிச் சத்தம் கொட்டியது.

"மம்பட்டிக்கு ஆளு கெடச்சுதா?"

"கெடச்சுது."

"எப்படி ஆளு?"

"வாய் கொஞ்சம் சாஸ்தி. வேல சுத்தம்."

"அப்ப அடுத்த வருசத்துக்கும் அந்தாளையே சொல்லி வச்சிரு."

"சொல்லிருதேன்" என்றாள் முத்துமாரி.