முத்துச் சந்தில் ஒரு மூச்சு

சார்மினாரை ஒட்டிய முத்துச் சந்தில் காதரின் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பது என் தொழில். முத்து விற்க வந்த முதலாளிக்குத் துணையாக நானும் ஐதராபாத் வந்திருக்கிறேன். காதர் அந்த முத்துகளுக்குத் துளை போடுகிறவர். ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம் என்பதால் தமிழ் பேசுகிறார்.

ஏதோ நவாப் வீட்டுக் கல்யாண மாலைக்காக வேலை நடக்கிறது. மரக்கட்டையில் முத்தை இறுக்கி, சின்ன வில்லை இழுத்து ஊசியைச் சுழற்றுகிறார். இரண்டு பக்கத் துளையும் நடுவில் சேரும் நேரத்தில் மூச்சை நிறுத்திவிடுகிறார். அப்போது கை ஆடினால் முத்து உடைந்துவிடும்.

"மூச்சுப் பிடிக்கிறதுதானே? என்கிட்ட குடுங்க பாய்" என்கிறேன்.

சிரித்துக்கொண்டே, முக்கால்வாசி துளைத்த மட்ட முத்து ஒன்றைத் தருகிறார். கடலில் முங்குவதுபோல நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்கிறேன். இதயம் அடிப்பது விரல் நுனிவரை தெரிகிறது. முத்து இரண்டாகப் பிளக்கிறது.

"நக்கோ, வேணாம் அண்ணே! காத்தை உள்ள அடைக்காதீங்க. வெளிய விட்டுட்டு அப்புறம் நிறுத்துங்க."

காற்றில்லாத நெஞ்சோடு முங்கினால் எங்கள் பக்கம் பிணமாகத்தான் மிதப்போம். ஆனாலும் காற்றை வெளியே விட்டு மூச்சை நிறுத்திப் பார்க்கிறேன். கை அப்படியே நிற்கிறது. அவர் தந்த இரண்டாவது முத்தில் ஊசி சட்டென்று தடையில்லாமல் ஓடுகிறது.

காதர் பதறி என் தோளைத் தட்டுகிறார். "முடிஞ்சிருச்சு அண்ணே, மூச்சு விடுங்க!"

மூச்சு விடாமலேயே அடுத்த முத்துக்குக் கை நீட்டுகிறேன்.