ரெஜினாவின் சிரிப்பை நான் நம்பவில்லை

ரெஜினா இறந்துவிட்டாள் என்று நம் ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தபோது நான் நம்பவில்லை. முந்தைய நாள் மாலைதான் தி.நகரில் பஸ் ஏறும்வரை என்னோடு பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவள். யாரோ பெயரை மாற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவள் எண்ணுக்கே அழைத்தேன். மகள் எடுத்தாள். "நெஞ்சு வலிக்குதுன்னாங்க ஆன்ட்டி..." என்று அழுதாள்.

பட்டுச்சேலைப் பிரிவில் அவளோடு நின்ற உங்களுக்கெல்லாம் தெரியும். அவள் முகத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள். ஆனாலும் அரைக்கை ரவிக்கைதான் போடுவாள். சேலையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். இத்தனை பேர் உற்றுப் பார்க்கிற இடத்தில் ஒருத்தி இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியுமா? வீட்டுக்குப் போய் அழுவாள் என்றே நினைத்தேன்.

ஒருநாள் சேலை பார்க்க வந்த ஓர் அம்மா நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "இது ஒட்டிக்குமா?" என்றார்.

"ஒட்டாதும்மா. ஒட்டுறதா இருந்தா எங்க வூட்டுக்காருக்கு எப்பவோ ஒட்டிக்கினு இருக்கும்" என்றாள் ரெஜினா. அந்த அம்மாவே சிரித்துவிட்டார். நான் சிரிக்காமல் ரெஜினாவின் கண்களையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளிக்கு முன் மேலாளர் அவளை மாடியிலுள்ள கிடங்குக்குப் போகச் சொன்னார்.

"அங்க யாரு சார் சேலை வாங்க வராங்க? நான் இங்கியே நிக்கிறேன். யாருனா என்னை வேணாம்னா இவங்களாண்ட அனுப்பிடுறேன்" என்று என்னைக் காட்டினாள். அவர் முணுமுணுத்தபடி போய்விட்டார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பையிலிருந்து ஒரு க்ரீம் டியூப் நழுவி விழுந்தது. திட்டுகளை மறைக்கப் பூசுவது. அகப்பட்டுக்கொண்டாள் என்று எனக்குள் ஒரு திருப்தி.

"உனக்குத்தான் எந்தக் கஷ்டமும் இல்லையே, அப்புறம் இது எதுக்கு?"

"கஷ்டமில்லன்னு நான் எப்பக்கா சொன்னேன்? நாத்தனார் வூட்டு விசேஷத்தன்னிக்கு என்னை எனக்கே புடிக்கல, பூசிக்கினு போனேன். இன்னிக்குப் பரவால்ல, பூசல. தினமும் புடிச்சே ஆவணும்னு இன்னா கட்டாயம்? புடிக்கலன்னாலும் இந்த ஒடம்பு என்னுதுதானே?"

சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு வடகத்தை எடுத்துக் கடித்தாள்.

அவள் சிரிப்பை நான் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. அந்தப் பேச்சை நம்பினேன். அவளுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத அந்த முகத்தோடுதான் கடைக்கு வந்து நின்றேன்.