ஏழாவது சேனல்

வெள்ளி நிற உறையைக் கிழித்து அந்தப் பச்சை கார்டை வெளியே எடுத்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. கணினிக்குள் அதைச் செருகிவிட்டால், அடுப்புகளின் சென்சர்கள் அனுப்பும் மெல்லிய மின்னழுத்தத்தை வெப்ப எண்ணாக மாற்றி, உற்பத்தி லைனிலேயே இருக்கும் திரையில் காட்டும். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நான் டெக்னீஷியனாக இருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பதினாறு அடுப்புகள், பதினாறு சேனல்கள். மேனேஜருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு இல்லை.

அதுவரை வெப்பத்தைக் காட்டும் முள் மீட்டர்கள் என் அறைச் சுவரில்தான் இருந்தன. எங்கள் லைன் லீடர் மணிக்கொரு முறை வந்து அவற்றைப் பார்த்து எழுதிப் போவார். பெம்பானிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வரும் பெண், என் வயதுதான். "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார். எழுத மூன்று நிமிடம் போதும். அவர் பத்து நிமிடம் நிற்பார். தம்பியின் பரீட்சை, பஸ்ஸில் நடந்த சண்டை என்று ஏதாவது சொல்வார். நான் சொல்ல நினைத்த ஒன்றை மட்டும் அடுத்த மணிக்கு ஒத்திவைத்தபடியே இருந்தேன்.

கார்டு பொருத்திய பிறகு ஏழாவது சேனல் மட்டும் சரியாக வரவில்லை. எண் திடீரென்று எகிறும், இறங்கும். சரியாகும்வரை லைன் லீடரை என் அறை மீட்டரைப் பார்த்தே எழுதச் சொன்னார் மேனேஜர். இரண்டாம் நாளே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அந்தச் சென்சரின் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்து நானே கட்டியிருந்தேன். பிரித்து வேறு பக்கமாக இழுக்க ஒரு மணி நேரம் போதும். எட்டு நாள் அதை நான் தொடவில்லை.

ஒன்பதாம் நாள், வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் திரையில் ஏறிய எண்ணை நம்பி அடுப்பைக் குறைத்துவிட்டாள். கையுறைகள் பதமாக வேகாமல் பிசுபிசுத்து வீணாயின. எல்லார் முன்னிலையிலும் அவளுக்குத் திட்டு விழுந்தது. லைன் லீடர் நேராக என் அறைக்கு வந்தார்.

"கோளாறு எங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தலையாட்டினேன்.

"அப்புறம் ஏன் லா சரி பண்ணல? அந்தப் புள்ள அழுதுகிட்டு நிக்குது."

"சரி பண்ணிட்டா நீங்க இங்க வரமாட்டீங்க."

அவர் சுவரிலிருந்த மீட்டர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அவ மேல தப்பு இல்லன்னு மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் வரணும்னா கூப்பிடுங்க, வரேன். அதுக்கு மீட்டர் எதுக்கு?"

அன்றே வயரை மாற்றினேன். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் பழியிலிருந்து தப்பினாள். அடுத்த வாரம் மீட்டர்களைக் கழற்றினார்கள். லைன் லீடர் நின்று வேலை பார்க்கும் இடம் என் கதவிலிருந்து அறுபது அடிதான் இருக்கும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்சம் தணியட்டும், கூப்பிடலாம் என்று இருந்தேன். மாதங்கள் ஓடின. தெங்கேராவில் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவரைப் பேசி முடித்தார்கள்.

இப்போது வேறொரு ஆலையில் இருக்கிறேன். நூற்றுக்கணக்கான சேனல்களின் எண்கள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. எழுதிப் போக யாரும் என் அறைக்கு வருவதில்லை. சில பிற்பகல்களில் அவருடைய கடைசி வேலை நாள் நினைவுக்கு வரும். எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு வந்தவர் என் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"கடைசிவரைக்கும் கூப்பிடவே இல்லையே நீங்க," என்றார் சிரித்தபடி. பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.