எங்கள் வீட்டுக்குள் வராத பால்கோவா

நூல் சுற்றிய ஒரு பொட்டலம். அடியில் நெய் ஊறித் தாள் பளபளத்துக் கிடந்தது. அதை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாத்தா டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. கண்டக்டர்தான் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். காலையிலிருந்து ஆளைக் காணோம் என்று ராஜபாளையம் முழுக்க வண்டியில் அலைந்துவிட்டு, கடைசியில் நானும் மாமாவும் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றிருந்தோம். எங்களைப் பார்த்ததும் தாத்தா பிடிபட்ட திருடன் மாதிரி சிரித்தார். அந்தப் பொட்டலத்தில் இருப்பது என்ன என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தாத்தா என்றால் என் அம்மாவைப் பெற்றவர். அவர் வீட்டில்தான், மாமா அத்தையோடு, நான் வளர்ந்தேன். ஆயுசு முழுக்க ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் ஓட்டியவர் அவர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த ஊருக்குப் போய் வந்திருப்பார். மற்ற டிரைவர்கள் வீட்டில் பால்கோவா தின்று அலுத்த பிள்ளைகள் உண்டு. எங்கள் வீட்டு வாசற்படியை மட்டும் அது தாண்டியதில்லை. விருந்தாளி யாராவது தெரியாமல் வாங்கி வந்துவிட்டால், தாத்தா முகம் மாறாமல் வாங்கிக்கொள்வார். அவர்கள் கிளம்பியதும், "ஏத்தா, அடுத்த வீட்டுல பிள்ளைக இருக்கு, குடுத்துட்டு வந்துரு" என்பார். நானும் பிள்ளைதானே, அதைக் கேட்பார் யாருமில்லை. கேட்டால் அத்தை, "தாத்தாவுக்குச் சக்கரை வியாதி, பாத்தா ஆசை வந்துரும்" என்பாள். நல்ல வியாதிதான். அந்தச் சர்க்கரைக்காரர் சாயங்காலமானால் கருப்பட்டி மிட்டாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என் பிறந்த நாளும் அப்படித்தான், வாசற்படிக்கு வெளியே நின்றது. நான் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். அதனால் அந்த நாள் எங்கள் வீட்டில் அம்மாவின் நாள். போட்டோவைத் துடைத்துப் பூப் போட்டு, விளக்கேற்றி, இலை போட்டு, அவளுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலோடு படையல் வைப்போம். என் பிறந்த நாள் சோற்றை முதலில் தின்றது எப்போதும் காக்காய்தான். அது வந்து எடுக்கிற வரைக்கும் நான் பசியோடு மொட்டை மாடியில் நின்று கா கா என்று கத்திக்கொண்டிருப்பேன். எனக்குப் புதுத்துணி உண்டு, ஆனால் மறுநாள்தான். அத்தை பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, "நல்லா இரு தாயி" என்பாள். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்ததும் மறுநாள்தான். என் கூட்டாளிகளில் பாதிப் பேர் இன்றைக்கும் தப்பான தேதியில்தான் எனக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள்.

யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. தாத்தா என்னைத் தரையில் விட்டதில்லை. காய்ச்சல் வந்தால் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார். ஆனாலும் அந்த ஒரு நாள் மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தால் அழுதுவிடுவார் என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. பிறக்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும். நான் பிறந்ததில் இவருக்கு ஒரு நிமிஷமாவது சந்தோஷம் இருந்திருக்குமா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

காலேஜில் சேர்ந்த பிறகு அத்தைதான் ஒரு மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம்தான் அம்மாவுக்குப் பிரசவம். தாத்தா வண்டியில் இருந்தார். பொம்பளைப் பிள்ளை, ரெண்டு உசுரும் நல்லா இருக்கு என்று பஸ் ஸ்டாண்டில் வந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயணிகளை இறக்கிவிட்டு, காக்கிச் சட்டையோடு ஓடிப் போய் பால்கோவா வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்கிறார். அவர் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தம் நிற்கவேயில்லையாம். "அந்தப் பொட்டலத்தை எங்க வைக்கன்னு தெரியாம கையிலேயே வச்சிக்கிட்டு வராண்டாவுல நின்னாக. நாந்தான் வாங்கி, அங்க தரையக் கூட்டிக்கிட்டு இருந்த அம்மாகிட்டக் குடுத்தேன்" என்றாள் அத்தை. அதற்கப்புறம் நானும் பால்கோவா கேட்டதில்லை.

நான் படித்து, சேத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, அம்மா வாழ்ந்த வயதையும் தாண்டினேன். தாண்டிய அந்த வருஷம்தான் தாத்தா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினார். நெஞ்சு பலவீனம், தனியாக எங்கும் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம். படையலுக்கு இலை போடப் போகும்போது பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. அப்புறம்தான் நாங்கள் தேடியதும், பஸ் ஸ்டாண்டில் அவர் வந்து இறங்கியதும்.

"எங்கப்பா போனீய? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா கொறைஞ்சா போயிருவீய?" என்று மாமா வழியெல்லாம் பொரிந்துகொண்டே வந்தார். தாத்தா காதில் வாங்கவில்லை. வீட்டுக்குள் வந்து நேராக அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். நூலைப் பிரிக்க முடியாமல் விரல் தடுமாறியது. நான் பிரித்துக் கொடுத்தேன். ஒரு கிள்ளு எடுத்து என் வாயில் வைத்தார். பாதி என் சேலையில் விழுந்தது.

"கடையில அந்தப் பய கேட்டான், என்ன விசேசம் தாத்தான்னு" என்றார். "பேத்தி பெறந்திருக்கான்னு சொன்னேன்."

அவர் அன்றைக்குத்தான், அந்த நாளில், என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு வாங்குனதும் உனக்குத்தான் தாயி. எம்புட்டுச் சந்தோசமா வாங்குனேன் தெரியுமா. குடுக்கத்தான் முடியாமப் போச்சு."

நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததற்கு அவராகவே பதில் சொல்லிவிட்டார். அத்தை எழுந்து போய், மறுநாளைக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையைப் பீரோவிலிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இன்னைக்கே கட்டிக்கோ" என்றாள். கட்டிக்கொண்டு வந்தேன். அம்மா போட்டோவுக்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பால்கோவா தின்றோம். தாத்தாவும் ஒரு கிள்ளு வாயில் போட்டு, செத்த நேரம் மென்று, "இனிப்பக் கூட்டிட்டானுக" என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. காக்காய்க்கு அன்றைக்கு நேரம் கழித்துத்தான் சோறு கிடைத்தது.

அடுத்த பிறந்த நாளுக்கு அவர் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை, தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே ஒரு பிறந்த நாளைக் கொடுப்பதற்கு இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டாரே என்று எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. கோபித்து என்ன செய்ய?

இந்த வருஷம் படையலுக்கு முன்னால் நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எந்தக் கடையில் அவர் வாங்கினார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு கடையில் நின்றேன். தராசில் வைத்துக்கொண்டே கடைக்காரர், "என்னம்மா, வீட்டுல எதும் விசேசமா?" என்று கேட்டார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது நான் சொல்கிற சொல் இல்லை. "சும்மாதாண்ணே" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. பொட்டலத்தின் அடியில் நெய் கசியத் தொடங்கியிருந்தது. "ஒரு கையால கம்பியப் பிடிங்க டீச்சர், விழுந்துராதிய" என்றார் என்னைத் தெரிந்த கண்டக்டர். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்ல இந்த உலகத்தில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். நான் கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பொட்டலத்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.