பதிவேட்டில் இல்லாத பக்கம்

சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் இது என் கதை அல்ல, கரையானின் கதை.

அவன் நகராட்சிப் பதிவறையில் எழுத்தர். எந்நேரமும் பழைய காகிதத்துக்குள்ளேயே கிடப்பதால் நான் வைத்த பெயர் அது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருவருக்கும் எழுத்தாளனாகிவிட வேண்டும் என்ற வெறி. மதிய இடைவேளையில் அச்சகத்து மாடிப்படியில் உட்கார்ந்து, எழுதியதை மாற்றி மாற்றிப் படித்துக்காட்டுவோம். என் கதாநாயகி பற்றிய வர்ணனையை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அவ அன்னிக்கு என்ன சாப்பிட்டா?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆற்றுப் பாலம் கட்டிய காலத்துப் பதிவேட்டில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தது அவன்தான். கல் சுமந்தவள். குடிக்கத் தந்த தண்ணீர் நாறுகிறது என்று ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். மறுநாள் வேலைக்கு வந்தாள். மொத்தமே இரண்டு வரி. அதை வைத்து அவன் ஆறு வருடத்தில் பதினோரு பக்கம் எழுதினான். நான் மூன்று மாதத்தில் நானூறு பக்கம் எழுதித் தள்ளினேன். பொறியாளரோடு காதல், கடைசியில் பாலத்திலிருந்து குதித்துச் சாவு. 'பதிவறை நண்பர் காட்டிய ஆவணத்தின்படி' என்று முன்னுரையில் வேறு சேர்த்தேன். புத்தகம் சக்கைப்போடு போட்டது.

"அவ குதிச்சான்னு எங்கடா இருக்கு? என்னை இதுல இழுக்காதே. கற்பனைன்னு ஒரு வரி போடு, போதும்," என்றான்.

"அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்டா."

இரண்டாம் பதிப்பும் அப்படியே வந்தது. பாலத்தில் அவளுக்கு நினைவுக்கல் வைக்க நகராட்சி முடிவு செய்தது. விழா மேடையில் ஆணையர் மைக்கை நீட்டி, "நிஜமாவே குதிச்சாங்களா, சார்?" என்றார். கடைசி வரிசையில் கரையான் நின்றிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே, வாய் கூசாமல், "ஆதாரம் பதிவறையில இருக்குங்க," என்றேன். ஒரே கைதட்டல்.

மறுநாள் பதிவேட்டைப் புரட்டினார்கள். குதித்ததாக எந்தப் பக்கமும் இல்லை. நடுவில் சில தாள்கள் பூச்சி அரித்து உதிர்ந்திருந்தன. பக்கத்தைக் கிழித்து எவனுக்கோ விற்றுவிட்டான் என்று கரையானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். எப்போதும் "வாங்கண்ணா" என்கிற அவன் மனைவி, கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கரையான் கத்தவில்லை. நாலு சாத்து சாத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான்தான் இட்டுக்கட்டினேன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு. வேலை திரும்பக் கிடைச்சிடும்," என்று மட்டும் சொன்னான்.

எழுதினேன். நாலு தடவை திருத்தினேன். 'இட்டுக்கட்டினேன்' என்பதை அடித்துவிட்டு, 'நினைவுப் பிழை ஏற்பட்டிருக்கலாம்' என்று போட்டேன். மூன்றாம் பதிப்பு அச்சில் இருந்தது. அதுதான் காரணம், மழுப்புவானேன்?

வாசலிலேயே நின்று அவன் அதைப் படித்தான்.

"இதுலயும் கதை விடுறியேடா," என்று கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பத்தொன்பது வருடமாக அடுத்தவன் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறேன். கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியை நான் மாற்றவில்லை. கரையான் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான்.