செசிலியா அக்கா தாழ்த்தி வைத்த விளக்குகள்

லாயாங் லாயாங் ஊர்ச் செசிலியா அக்கா இறந்துவிட்ட செய்தி பள்ளி இடைவேளையின்போது எனக்கு வந்தது. அவருடைய மகள் ரோஸ்லின் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா காலையில போயிட்டாங்க சார். ஹார்ட்டுதான். சொந்தக்காரங்களுக்கே இன்னும் சொல்லல. உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

நான் அவருக்கு உறவில்லை. அவர் மாதா கோவில் பாடகர் குழுவில் பாடியவர். நான் முருகன் கோவிலுக்குப் போகிறவன். குளுவாங்கில் குடியிருந்து, அவருடைய ஊர்ப் பக்கம் இருக்கும் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். எங்களை அறிமுகப்படுத்தியது ஒரு விபத்து. என் வலது கால் இன்று இப்படி இழுத்து நடப்பதற்குக் காரணம் அக்காவின் மோட்டார் சைக்கிள் விளக்கு.

அஞ்சலிக் குறிப்பில் இதை எழுதுவது அவரை அறிந்த உங்களில் சிலருக்கு உறுத்தலாம். அடக்கப் பூசை முடிந்து பேசியவர்கள் எல்லாரும் அவருடைய சேவையைப் பாராட்டினார்கள். அந்தச் சேவை எதில் தொடங்கியது என்பதை மட்டும் மரியாதை கருதித் தொடாமல் விட்டார்கள். அக்கா அதை ஒருநாளும் தொடாமல் விட்டதில்லை.

நம் ஜொகூரில் காலை ஆறு மணிக்கும் இருட்டுதான். குளுவாங்கிலிருந்து ரெங்கம் வழியாக நான் மோட்டாரில் பள்ளிக்குப் போகும் பாதையில் இருபுறமும் செம்பனைத் தோட்டம். பல இடங்களில் விளக்குக் கம்பமே கிடையாது. அக்கா அதே பாதையில் எதிர்த் திசையிலிருந்து வருவார். குளுவாங்கில் ஒரு தொழிற்சாலை உணவகத்துக்கு நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் கொடுத்துவந்தார். காலை ஷிப்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மோட்டாரின் பின்னால் இரண்டு பெரிய கூடைகள் இருக்கும்.

அன்று மழை விட்டு, சாலை ஈரமாகக் கிடந்தது. வளைவில் திரும்பியதும் வெள்ளை வெளிச்சம் ஒன்று என் முகத்தில் நேராக அடித்தது. தார் எது, புல் எது என்று தெரியவில்லை. ஒதுங்குவதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் போனேன். சக்கரம் தாரை விட்டு இறங்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது, தோட்டத்துக் கால்வாயில் கிடக்கிறேன், மோட்டார் என் கால்மேல் கிடக்கிறது.

யாரோ ஒரு பெண் கைப்பேசி வெளிச்சத்தோடு கால்வாய்க்குள் இறங்கி வந்தார். "அசையாதீங்கண்ணே. கால இழுக்காதீங்க" என்றார். மோட்டாரின் பாரம் என்மேல் இறங்காதபடி தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். லாரிக்காரர் ஒருவர் வந்து தூக்கும்வரை அப்படியே முழங்கால் சேற்றில் நின்றார். வலியில் நான் புலம்பிக்கொண்டிருந்தேன். "எதிர்ல எவனோ லைட்ட மூஞ்சில அடிச்சிட்டான்கா. ஒண்ணுமே தெரியல." உதவிக்கு வந்த பெண் என்று மட்டுமே நினைத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நான் மருத்துவமனையில் கிடந்தபோது, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தார். என் மனைவி சரோஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அக்கா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"நன்றி சொல்லாதீங்க. அந்த லைட்டு என்னோடதுதான்."

சரோஜாவுக்குப் புரியவில்லை. அக்கா மறுபடியும் சொன்னார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவரும் அதே சாலையில் குழி தெரியாமல் விழுந்திருக்கிறார். பழைய மஞ்சள் விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்று கடையில் சொல்லி, இருப்பதிலேயே பிரகாசமான எல்.இ.டி. பல்பைப் போடச் சொல்லியிருக்கிறார். அந்தப் பல்பு அந்த விளக்குக் கூட்டுக்குப் பொருந்தாது; வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும். போதாததற்குப் பின்னால் இருந்த கூடைகளின் பாரம் மோட்டாரின் மூக்கைத் தூக்கிவிட்டிருந்தது. சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்துக்கு ஏறிவிட்டது.

"என் கண்ணுக்குத் தெரியணும்னு போட்டேன் சார். எதிர்ல வர்றவங்களுக்கும் கண்ணு இருக்குன்னு நெனைக்கல" என்றார்.

சரோஜாவின் முகம் மாறியது. "அன்னிக்கே ஏன் சொல்லல? இவரு எவனோ எவனோன்னு திட்டிக்கிட்டுக் கெடக்காரு. நீங்க பக்கத்துலயே நின்னுருக்கீங்க."

"பயமா இருந்துச்சு. அப்புறம் பயத்தவிட வெக்கமா இருந்துச்சு."

"போங்க. தயவுசெஞ்சு போங்க."

அவர் போனார். நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததைத் தானே சொன்னார் என்று பிறகு அறிந்தோம். அவர்கள் விதித்ததை ஏற்றுக்கொண்டார்.

அதன்பிறகுதான் நீங்கள் எல்லாரும் அறிந்த சனிக்கிழமைகள் தொடங்கின. குளுவாங்கில் ஒரு சீன மெக்கானிக்கிடம் போய் நின்று, விளக்கைச் சரிசெய்வது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். தன் வீட்டுப் பக்கச் சுவருக்கு வெள்ளையடித்துக் கறுப்புக் கோடுகள் போட்டார். பொழுது சாயும் நேரத்தில் மோட்டார்கள் வந்து வரிசையில் நிற்கும். மோட்டாரைச் சுவருக்கு எதிரே தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்தைப் பார்த்து, லோபீம் என்னும் தாழ்ந்த வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி திருகைத் திருப்புவார். மங்கிய கண்ணாடியைத் தேய்த்துக் கொடுப்பார். ஒருவர் தனியாக வந்தால் விடமாட்டார். "தெனம் யாரு பின்னாடி ஒக்காருவா? அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. பாரம் ஏறுனா லைட்டும் ஏறும்." சிலர் அரிசி மூட்டையோடு வந்ததும் உண்டு.

ஆனால் திருகில் கை வைப்பதற்கு முன், புதிதாக வந்தவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுவார். "என் லைட்டால ஒருத்தரு விழுந்து கால் போச்சு. அதனாலதான் இதச் செய்யறேன்." மலாய்க்காரப் பிள்ளைகளிடம் மலாயில் சொல்வார். "அலமாக், மக்சிக், இத ஏன் எங்ககிட்ட சொல்றீங்க?" என்று ஒரு பையன் அவரை மலாயில் அத்தை என்று கூப்பிட்டுச் சிரித்தானாம். "சொல்லலன்னா என்ன நல்லவன்னு நெனச்சிருவீங்கல்ல" என்றாராம் அக்கா.

நான் ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியபின் குளுவாங் பசாரில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். மீன் கடையில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தார். வாங்கிய மீனைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கூட்டத்துக்குள் போய்விட்டார். கடைக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அன்று எனக்கு ஏற்பட்டதை என்னவென்று சொல்வது? தவறு எதுவும் செய்யாதவன் நான். ஆனாலும் என் கால் ஒரு மனுஷியை ஊர் நடுவில் காட்டிக்கொடுத்துக்கொண்டே போகிறது என்று கூசிப்போனேன். அதற்குப் பிறகு லாயாங் லாயாங் பக்கம் கடைக்குப் போனால், அவர் இருக்கக்கூடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கப் பார்ப்பேன். வலி உயிர் போகும். நேராகவும் வராது.

மறுபடி மோட்டார் ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னதும் ஒரு சனிக்கிழமை அந்தச் சுவருக்குப் போனேன். போக வேண்டாம் என்று சரோஜா தடுப்பாள் என்று நினைத்தேன். "போயிட்டு வாங்க. அவங்க ஆரம்பிச்சத அவங்களே முடிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

வரிசையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். என் முறை வந்தபோது அக்கா நிமிர்ந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லுவேன்ல, ஒருத்தர விழ வச்சேன்னு? இந்தச் சாருதான்."

எல்லாருடைய கண்ணும் என் காலுக்கு வந்தது. முகம் எரிந்தது எனக்கு. "அத விடுங்கக்கா" என்றேன்.

"நான் எப்படி சார் விடறது?"

என்னை மோட்டாரில் ஏறி உட்காரச் சொன்னார். வலது காலை முழுதாக ஊன்ற முடியாததால் மோட்டார் ஒருபக்கம் சாய்ந்தது. வரிசையில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அக்கா தரையில் மண்டியிட்டுத் திருகைத் திருப்பினார். சுவரில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஒருமுறை திருப்புளி நழுவி விழுந்தது. வழியெல்லாம் ஒரு வார்த்தையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, நான் உங்கள…" என்று தொடங்கினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "மன்னிச்சிட்டேன்னு சொல்லிராதீங்க சார்" என்றார். "சொன்னா நான் இத நிறுத்திருவேன். எனக்கு என்னையப் பத்தித் தெரியும்."

சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, கடைசிவரை சொல்லவில்லை. அதன்பிறகு பசாரில் பார்த்தால் அவர் ஓடவில்லை, நின்று, "லைட்டு எறங்கித்தானே இருக்கு?" என்று கேட்பார். இருக்குக்கா என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் கேட்டபடி நான் வாயை மூடிக்கொண்டது சரிதானா, அல்லது எனக்கும் அது வசதியாக இருந்ததா என்று இப்போது தெரியவில்லை.

அடக்கத்தன்று சிரம்பானிலிருந்து வந்திருந்த அவருடைய உறவினர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கால்ல என்ன சார்?" என்று கேட்டார். பெட்டிக்குள் அக்கா படுத்திருக்கிறார். "சின்ன ஆக்சிடெண்ட்" என்றேன். "எப்படி?" என்றார். "மழை. வழுக்கிருச்சு" என்றேன். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைப்பு. முன்வரிசையில் இருந்த ரோஸ்லின் திரும்பினாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. "அம்மாவுக்குக் கேட்டுச்சுன்னா கோவப்படுவாங்க சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

ஊர் முன்னால் நின்று அக்கா திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னதை, அவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நான் மழையின்மேல் போட்டுவிட்டேன். அங்கேயே அந்த உறவினரிடம் திருத்திச் சொல்லியிருக்கலாம். பாட்டு தொடங்கிவிட்டது, எழுந்து நின்றோம், அவர் வேறு பக்கம் போய்விட்டார். அவரும் இதைப் படிக்கட்டும்: மழையில் வழுக்கவில்லை ஐயா. செசிலியா அக்காவின் விளக்கு என்னை விழ வைத்தது. விழுந்த என்னைத் தோள் கொடுத்துத் தாங்கியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அவர்.

இப்போதும் விடியாத காலையில் அந்தச் செம்பனைச் சாலையில்தான் போகிறேன். தூரத்தில் எதிரே ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் போதும், வருவது லாரியா மோட்டாரா என்று தெரிவதற்குள் என் இடது கட்டைவிரல் ஹைபீமைத் தணித்துவிடுகிறது. என் வெளிச்சம் யார் கண்ணில் போய் விழுகிறதோ என்று ஒரு கூச்சம். விபத்துக்கு முன்னால் அது எனக்கு இருந்ததில்லை. அக்காவிடமிருந்து வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.