ஒன்றரை மணிக்குப் பறந்த மெயில்

அரியலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் போனில் சொல்லும் வியாதிகளைக் கேட்டால் டாக்டருக்கே தலை சுற்றும். ஸ்கிரீன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். மவுஸ் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்பார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. எரிந்து விழுந்துவிட்டு, பிறகு போய்ச் சரி செய்து கொடுப்பேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஆண்டிமடத்திலிருந்து முந்திரி வியாபாரம் செய்யும் அக்கா கூப்பிட்டார்.

“ஏம்மா, எங்க மெயிலு ஒரு மாசமா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருது, போவுது. அதுவும் ஒரு நாளு காலையில, ஒரு நாளு மத்தியானம், ஒரு நாளு பொழுது சாய. இன்னிக்கு முக்கியமான மெயிலு ஒண்ணு உள்ளயே குந்திக்கிட்டு நவுர மாட்டேங்குது. ஒடனே வாம்மா.”

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அக்காவும் அவர் கணவரும் வருஷக்கணக்காக முந்திரி உடைத்து, தரம் பிரித்து, மூட்டை மூட்டையாக ஏஜென்டுகளுக்குக் கொடுத்து வந்தவர்கள். அவர்கள் முந்திரி யார் யாருடைய பெயரிலோ டப்பாவில் ஏறிக் கடைக்குப் போகும். இப்போதுதான் சென்னையில் ஒரு பெரிய இனிப்புக் கடை, தீபாவளிக்கு இவர்கள் பெயரையே டப்பாவில் அச்சடித்து விற்கச் சம்மதித்திருந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து அன்று மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்பியாக வேண்டும். தவறினால் அந்த வாய்ப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

“போன்லேருந்து அனுப்பிடுங்களேன்க்கா” என்றேன்.

பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதாம். மெயிலை அமைத்துக் கொடுத்த ஆள் துபாய் போய்விட்டாராம், அவருக்கும் நினைவில்லையாம். இனிப்புக் கடையோ பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஆக, பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஜீவன் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் புரோகிராம்தான். மனதுக்குள் திட்டிக்கொண்டே ஜெயங்கொண்டம் வழியாக பஸ் பிடித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பின்பக்கக் கொட்டகையில் பெண்கள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கம்ப்யூட்டருக்கு நெற்றி நிறையக் குங்குமம். போதாக்குறைக்கு ஸ்கிரீனின் கீழ் ஓரத்தை மறைத்து ஒரு லட்சுமி ஸ்டிக்கர் வேறு.

உட்கார்ந்தேன். நெட் ஓடுகிறதா என்று பார்த்தேன், நன்றாகவே ஓடியது. அனுப்ப வேண்டிய மெயில் வெளியே போகாமல் அவுட்பாக்ஸில் நின்றது. இணைத்த ஃபைல் பெரியதோ என்று பார்த்தேன், சின்னதுதான். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். புரோகிராமை மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று, “ஆயிடுமாம்மா? ஆயிடுமா?” என்று கேட்டபடியே இருந்தார்.

சரியாக ஒன்றரைக்கு அவர் கணவர் உள்ளே வந்தார். “கொஞ்சம் எந்திரிம்மா” என்று என்னைக் கிளப்பிவிட்டு, மவுஸைப் பிடித்து, மேலே இருந்த ஒரு பட்டனை அமுக்கினார். அவுட்பாக்ஸ் காலியானது. காலையிலிருந்து அடம்பிடித்த மெயில் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்த நொடி, வர வேண்டிய மெயில்களெல்லாம் திபுதிபுவென்று வந்து இறங்கின.

“அண்ணே! என்ன பண்ணுனீங்க?” என்று கத்தினேன்.

அவர் பயந்துபோனார். “ராவு காலம் பொறந்துடுச்சும்மா. இந்த நேரத்துல எதுவும் வெளிய போவக் கூடாதுன்னு ஒங்க அக்கா சொல்லியிருக்கு. அதான் டெய்லி இந்தப் பட்டன அமுக்கி நிறுத்திடுவேன். முடிஞ்சதும் மறுபடி அமுக்கித் தொறந்துவுடுவேன்.”

ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தேன். மெயில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காட்டும் எழுத்து அதற்கடியில்தான் ஒளிந்திருந்தது. மூடுவதற்கும் திறப்பதற்கும் அதே பட்டன்தான்.

“எப்பவாச்சும் ஒரு தடவ அதிகமா அமுக்கிட்டீங்களா?”

அக்காதான் பதில் சொன்னார். “போன மாசம் ஒரு நாளு இவரு மறந்துட்டாருன்னு நெனச்சி நானும் அமுக்குனேன்.”

விஷயம் விளங்கிவிட்டது. அன்றையிலிருந்து எல்லாம் தலைகீழ். நல்ல நேரம் முழுக்கக் கதவைச் சாத்திவிட்டு, ராகு காலத்தில் மட்டும் விரியத் திறந்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப நம்ம கையெழுத்து ராவு காலத்துலயா போயிருக்கு? திரும்பக் கூப்பிட முடியுமாம்மா?”

முடியாது என்றேன். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் எங்க பேருல ஒண்ணு வருதுன்னு இருந்தேன். அதுலயும் மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனே.” என் சிரிப்பு நின்றுபோனது. அண்ணன் மூலையில் நின்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். சாப்பிடச் சொல்லி இலை போட்டார்கள், யாருக்கும் இறங்கவில்லை.

இரண்டரை மணி இருக்கும், கம்ப்யூட்டர் டிங் என்றது. மூவரும் ஓடினோம். ஆங்கிலத்தில் இருந்ததை நான் உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். ஒப்பந்தம் கிடைத்தது, மகிழ்ச்சி, டப்பா இன்றே அச்சுக்குப் போகிறது. டப்பாவின் படமும் கூடவே வந்திருந்தது. மேலே கணவன் மனைவி இருவர் பெயரும் தமிழில் பெரிதாக இருந்தன.

அக்கா தன் பெயரை ஸ்கிரீனில் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிப் போட்ட சத்தத்தில், முந்திரி உடைத்த பெண்கள் அத்தனை பேரும் ஓட்டுக் கரி படிந்த கையோடு ஓடி வந்துவிட்டார்கள். அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லை. ஒருத்தி அண்ணன் கன்னத்தில் கரியைப் பூசினாள். நான் எதற்கென்று தெரியாமலே கை தட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சாம்பிள் வேணுமான்னு மொதமொதல்ல அவங்களுக்கு ஒரு மெயிலு போட்டோமே, அது எப்பம்மா போயிருக்கு?”

தேடிப் பார்த்தேன். “புதன்கெழமைக்கா. பன்னெண்டே கால்.”

“வெல பேசுனது?”

“சனிக்கெழம. ஒம்போதரை.”

நாள்காட்டியைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. எந்தக் கிழமைக்கு எந்த நேரம் ராகு காலம் என்பது அவருக்கு மனப்பாடம். கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

சர்வீஸுக்கென்று வந்துவிட்டுச் சும்மா போவதா? “நகருங்கக்கா, இந்தப் பட்டன நேராக்கி வச்சிட்டுப் போறேன்” என்று மவுஸை எடுத்தேன்.

அக்கா சடாரென்று என் கையைப் பிடித்தார்.

“தொட்டே, அவ்ளோதான். அது இருக்கற மாதிரியே இருக்கட்டும்.”